வாய் சுத்தம் என்று எழுதிய மகனுக்காக ஒரு விண்ணப்பம்

ஓஷ் நகரம், வெள்ளிக்கிழமை

மாண்புமிகு பேராசிரியை அனார்கான் அம்மா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் பல் மருத்துவப் பிரிவில் நான்காம் ஆண்டு படிக்கும் மிர்லானின் தகப்பன், வேன் ஓட்டுநர் தோக்தோசுன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்கள் நலமா? தங்கள் வீட்டுக்காரர், பிள்ளைகள், சொந்தத்தில் ஆடு குதிரை இருந்தால் அவையும் நலமா? இங்கு நாங்கள் நலமில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் மகன் பெயரை அடித்துவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி சினாரா அடுப்பு மூட்டவில்லை.

அம்மா, நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவனும் தன் நோயாளியைத் தானே கூட்டிவர வேண்டும் என்பது உங்கள் சட்டம். வருகிறேன் என்று சொன்ன பக்கத்து வீட்டு ஜோரோபாய்க்கு அன்று காலை பார்த்துப் பல்வலி நின்றுவிட்டது; வலி இல்லாதவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் போனேன். மூன்று முறை பல் துலக்கி, திருமணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் கல்பாக் தொப்பியோடு போனேன். தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. மாணவர்கள் எல்லோரும் கீழுதடு சற்றே புடைக்க, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். இவ்வளவு அடக்கமான பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. சுவரில் 'புகையிலை வாய்க்கு எமன்' என்று பெரிய படம். அதன் கீழே இருந்த பூந்தொட்டியில் செடி ஏன் பட்டுப்போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து, "யாராவது உதட்டுக்குள்ள அந்தப் பச்சைப் புகையிலைத் தூள், நஸ்வாய், அடக்கி வச்சிருக்கீங்களாடா? வாயைத் திறந்து சொல்லுங்க!" என்று அதட்டினீர்களே, ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் இல்லையென்று தலையைத்தான் ஆட்டினார்கள். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காத வளர்ப்பு அது.

பிறகு என் முறை. மிர்லான் சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டுப் பார்த்தான். 'வாய் சுத்தம், புகையிலைப் பழக்கம் இல்லை' என்று தாளில் எழுதினான். நீங்கள் என்னைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு நஸ்வாய் பழக்கம் உண்டா?" என்று கேட்டீர்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு விக்கல் வந்தது, விக்கலோடு தும்மல் வந்தது, தும்மலோடு உங்கள் வெள்ளைக் கோட்டில் பச்சையாக ஏதோ போய் விழுந்தது. அம்மா, அது கீரை. காலையில் சினாரா கீரை வைத்து சம்சா சுட்டிருந்தாள். நீங்கள்தான் அவசரப்பட்டு நீங்களே கண்ணாடியை எடுத்து என் உதட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு முன்னாடி இருக்கறத எழுதாதவன் டாக்டர் ஆகி என்ன கிழிக்கப் போறான்? வெளியே போ!" என்று அத்தனை பேர் முன்னிலையில் பிள்ளையை விரட்டிவிட்டீர்கள்.

ஒரு பேச்சுக்கு, அது கீரை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவன் மேல் என்ன தப்பு? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அப்பன் எதிரில் மகன் நஸ்வாய் போட மாட்டான். அப்பன் போட்டால் மகன் கண்ணில் அது படாது. அந்தப் பிள்ளை கையில் நீங்கள் கண்ணாடியைக் கொடுத்து அப்பன் வாய்க்குள்ளேயே எட்டிப்பார்க்கச் சொன்னால் அவன் எங்கே போவான்? கண்ணை மூடிக்கொண்டு சுத்தம் என்று எழுதினான். இதற்குப் பெயர் மரியாதை. வேனில் வெயில் மறைப்புத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் நஸ்வாய்ப் பொட்டலம் யாரோ பயணி விட்டுப்போனது. அது தினமும் குறைகிறதென்றால் எலி தின்கிறது. சினாரா மட்டும், "அப்பாவும் புள்ளையும் ஒரே பொட்டலத்துல கைய விட்டுட்டு எலி மேல பழி போடுறீங்க. அந்த எலிக்கு மட்டும் வாய் இருந்தா அழுதுடும்" என்கிறாள். பெண்பிள்ளை பேச்சு, நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

ஆகவே என் மகனை மறுபடி சேர்த்துக்கொண்டு, தேர்வில் தேறியதாக எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கை நோகாமல், தங்கள் வீட்டில் ரொட்டி குறையாமல், தங்கள் கோட்டில் கறை நிற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோக்தோசுன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி மிர்லானிடம் கொடுத்தேன். படித்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, வெயில் விழும் பக்கம் பார்த்து வேனைத் திருப்பி நிறுத்தச் சொன்னான். "அப்பா, துப்பிட்டு வாயைத் திறங்க" என்றான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் எனக்கு இட்ட முதல் உத்தரவு. துப்பினேன். அந்தச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தான். "உள்ளுதட்டுல வெள்ளையா தடிச்சிருக்குப்பா. விட்டா புத்தா மாறலாம். அன்னைக்கே பார்த்துட்டேன். எழுதக் கை வரல" என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணாடியைப் பிடுங்கி, "நீ காட்டுடா" என்றேன். காட்டினான். அதே இடம். அதே வெள்ளை, கொஞ்சம் சின்னது. எலி அகப்பட்டுவிட்டது, அம்மா.

மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். சம்சாவில் அன்று கீரையே இல்லை, வெங்காயம்தான். இந்தத் தாளின் பின்பக்கம் இரண்டு நோயாளிகளைப் பற்றி அவன் எழுதியிருக்கிறான்: வயது, பெயர், எத்தனை வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எல்லாம். திங்கட்கிழமை இரண்டு பேரும் நோயாளிகள் வரிசையில் வந்து நிற்கிறோம். அவன் கண்டுபிடித்தது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அவனைத் தயங்காமல் ஃபெயில் ஆக்குங்கள். ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறேன்.