வரிசை சாரும் குன்னத்துகால் பசுக்களும்

உலகம் இரண்டாகப் பிளந்தாலும், எந்தத் துண்டு முதலில் விழுந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் வரிசை சார் ஓடுவார்.

அமரவிளையில் டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீசில் அவர்தான் மூத்த புரோகிராமர். நான் டீ போடுகிறவன். வந்த நேரப்படிதான் டீ கொடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருமுறை முதலாளிக்கு முதலில் நீட்டிவிட்டேன்.

"எலே மக்கா, அவரு ஷீபாக்க பொறவாக்கும் வந்தாரு!" என்று கிளாசைப் பிடுங்கி, இளைய புரோகிராமர் ஷீபாவிடம் கொடுத்துவிட்டார்.

வெள்ளறடை பஸ்சிலும் ஏறின வரிசையில்தான் இறங்க வேண்டும் என்று வாசலை மறித்து நின்றார். கண்டக்டர் அவரையே முதலில் இறக்கிவிட்டார்.

இந்தப் பழக்கத்தைப் புரோகிராமிலும் ஏற்றிவைத்தார். யார் எதைக் கேட்டாலும், பதிந்த நேர வரிசையில்தான் வரும்.

ஒரு பால் சங்கத்துக்கு வெப்சைட் செய்தோம். எந்த ஊரில் எத்தனை பசு என்று பார்த்துத்தான் பால் வண்டி விடுவார்கள். தலைவருக்குப் பிடிக்காவிட்டால் வேலை திருவனந்தபுரத்துக்குப் போய்விடும். எங்கள் ஆபீசுக்குப் பூட்டுதான்.

தலைவர் வரும் அன்று காலை திரையைப் பார்த்தால், குன்னத்துகால் ஒன்று, வெள்ளறடை ஒன்று, மறுபடி குன்னத்துகால் ஒன்று!

"சாரே, ஒவ்வொரு பசுவும் தனி ஊராட்டு நிக்குது!" என்றாள் ஷீபா. அவளேதான் காரணத்தையும் கண்டுபிடித்தாள். ஊர்வாரியாகக் கூட்டச் சொன்னால், சாரின் வரிசைக்காகக் கம்ப்யூட்டர் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறதாம். ஊரும் நேரமும் ஒத்தால்தான் ஒரே கூட்டம். எந்த இரண்டு பசுவும் ஒரே நொடியில் பதிவாகவில்லை.

"இந்த ஒரு கணக்குக்கு மட்டும் வரிசைய எடுத்துக் களையுங்க சாரே."

"வரிசையையா? எனக்க கையையும் சேத்து வெட்டு பிள்ளே!"

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"தலைவரு படி ஏறியாச்சு சாரே" என்றேன். ஆபீசில் நானாக வாய் திறந்தது அன்றுதான்.

சார் எங்கள் முகங்களைப் பார்த்தார். பல் பிடுங்கக் கொடுப்பவர் போலக் கண்ணை இறுக்கிக்கொண்டு தட்டி, அந்தக் கணக்கிலிருந்து வரிசையை நீக்கினார். பசுக்களெல்லாம் அந்தந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

"கொள்ளாமே! குன்னத்துகாலுக்கு தனி வண்டி உண்டு" என்று மெச்சினார் தலைவர்.

டீத் தட்டோடு திகைத்து நின்றேன். தலைவர்தானே கடைசியாக வந்தவர்!

"அவருக்கு மொதல்ல குடு மக்கா" என்றார் சார், மெதுவாக. "இன்னைக்கு மட்டுமாக்கும்!"

தன் கல்யாணத்துக்குப் பிறகு சார் ஆபீசுக்கு எல்லோருக்கும் பின்னால்தான் வருகிறார். அவர் சட்டப்படி அவருக்குக் கடைசி டீ, ஆறிப்போன அடிமண்டி. முதலில் இறக்கும் டீயை ஃபிளாஸ்கில் ஊற்றி மறைத்து வைத்திருந்து, கடைசி டீ என்று சொல்லி அவரிடம் நீட்டுகிறேன்.