மைத்துனனின் சுத்த ரத்தம்

கறிக்கடைக்கு இரட்டைமூட்டை தர வேண்டிய பாக்கி சரியாக மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். நோட்டை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். எச்சில் தொட்டு முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் அது மூவாயிரத்து நானூற்று எண்பதாகவே இருந்தது.

கிடங்கில் மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கும்போது இவர் இரண்டு தூக்குவார். அதனால் வந்த பெயர்தான் இரட்டைமூட்டை. பழைய பாக்கியைத் தீர்த்து எட்டு ஞாயிறுதான் ஆகிறது. ஞாயிறுக்கு அரைக் கிலோ. எந்த வாத்தியார் கூட்டினாலும் ஆயிரத்து அறுநூறைத் தாண்டக் கூடாது.

"உங்க வீட்டுக் கணக்குதாண்ணே. நான் ஒரு வரி கூடுதலா எழுதல" என்றார் கறிக்கடைக்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. கத்தி தீட்டுகிறவரோடு கணக்குப் பேசுவது அத்தனை சுகமில்லை. இடையில் மனைவி வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் செலவுக்கு விளக்கம் கேட்பது மூன்றாவது மூட்டையை ஏற்றுகிற மாதிரி. சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சம்பளத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. போன மாதம் ஒருவன் மூட்டையோடு மயங்கி விழுந்தான். அவன் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் மட்டும் எதையோ படித்துவிட்டு, காரணம் ரத்தத்தில் கொழுப்பு என்று கண்டுபிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. கொழுப்பு இருந்தால் தூக்கக் கூடாது. வாசலில் உட்கார்ந்து வண்டி எண்ண வேண்டும். அதற்குப் பாதிச் சம்பளம்.

வீட்டில் இதைச் சொன்னதுதான் தாமதம், மைத்துனன் எழுந்து நின்றுவிட்டான். மனைவியின் தம்பி. வேலை தேடி வந்து மாதக்கணக்காகிறது. வேலை இன்னும் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது. கறியை விட்டு மூன்று வருஷம் ஆயிற்று என்பதைத் தினமும் மூன்று வேளை சொல்லுவான். அத்தான் தட்டில் கறி இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு அறையில் உட்கார்ந்து இலை தின்பான்.

"உங்க உடம்பு ஒரு இடுகாடு அத்தான். எத்தனை ஆட்டைப் புதைச்சிருக்கீங்க. என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க, ஊத்துத் தண்ணி மாதிரி ஓடும்."

அந்த வார்த்தையைத்தான் இரட்டைமூட்டை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீயே குடுத்துடு மாப்ள. என் சட்டையைப் போட்டுக்க, என் அட்டையை மாட்டிக்க. ஊசிக்காரருக்கு அட்டை நம்பர்தான் தெரியும், ஆளைத் தெரியாது."

மைத்துனன் முகம் சுருங்கியது. ஊசி என்றால் ஆகாது என்றான். வெள்ளிக்கிழமை விரதம் என்றான். நல்ல ரத்தத்தை வீணாக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தான்.

"மூணு வேளை சோறு போட்ட மனுஷனுக்கு மூணு சொட்டு ரத்தம் குடுக்க மாட்டியாடா?" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடியே. பேச்சு அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மைத்துனன் தொளதொளத்த சட்டையில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தான். இரட்டைமூட்டை சரக்குகளுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஒரு கவலை விட்டது என்று மூச்சு விட்டார்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. மேற்பார்வையாளர் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு கொழுப்பை வச்சுக்கிட்டு நீ எப்படிய்யா உயிரோட நிக்கிற?"

அது என் ரத்தமே இல்லை என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் பாதிச் சம்பளமும் போய்விடும். விழுங்கினார். இரண்டு மூட்டை தூக்கிய முதுகு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணத் தொடங்கியது. நாளுக்குப் பதினொரு வண்டி. கைவிரல் தீர்ந்த பிறகு ஒன்றுக்கு மட்டும் மூளை தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து மைத்துனனைப் பிடித்துக் கேட்டார். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"இந்த வீட்ல கறி வேகுது. அந்த ஆவி மூக்கு வழியா என் ரத்தத்துல ஏறியிருக்கு. வாசனைக்கே இப்படின்னா, தின்ன உங்களுக்கு உள்ள எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

இரட்டைமூட்டை யோசித்துப் பார்த்தார். அங்கேதான் தவறு செய்தார். ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனை உண்டு. இந்தத் தடவை சொந்த ரத்தத்தைத்தான் நம்ப வேண்டும். வாசனை பிடித்தவனுக்கே அந்த அளவு என்றால் தன் கதி என்ன என்று பயந்து, அன்றே கறியை விட்டார். மனைவியும் கறிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டு சமையல் ஒரு சமையலானதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

அந்த ஒரு மாதம் அவர் தின்ற பச்சையைப் பார்த்து ஆடுகள் பங்கு கேட்டிருக்கும். கறிக்கடைத் தெருவைச் சுற்றி வேறு தெரு வழியாக வேலைக்குப் போனார். பாக்கியும் கண்ணில் படாது, வாசனையும் மூக்கில் படாது. மைத்துனன் மட்டும் அந்த இலையைத் தின்று நாளுக்கு நாள் மினுமினுத்தான். சாயங்காலம் நடை போய்விட்டு வந்தால் இரவுச் சாப்பாடுகூட வேண்டாம் என்பான். காற்றே போதுமாம்.

"அவனைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றாள் மனைவி.

மறு பரிசோதனையில் கொழுப்பு இல்லை. வேலை திரும்பக் கிடைத்தது, முழுச் சம்பளத்தோடு. அதோடு விட்டிருந்தால் மனுஷன் ஓடிப்போய் அரைக் கிலோ வாங்கியிருப்பார். மேற்பார்வையாளர் விடவில்லை. ஒரே மாதத்தில் சாவை வென்றவர் என்று எழுதி, படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார். கிடங்குச் சாப்பாட்டுக் கூடத்தில் கறி நிறுத்தப்பட்டது. கூட வேலை செய்பவர்கள் அந்தப் படத்துக்கு மீசை வரைந்தார்கள், அப்புறம் கொம்பு வரைந்தார்கள்.

"நீ நல்லா இருப்பேய்யா. உன் ஒருத்தன் நாக்கைக் கட்டினதுக்கு நாப்பது பேர் நாக்குல மண்ணு" என்று ஒருவன் வாழ்த்தினான்.

இதற்கெல்லாம் குரு யார் என்று மேற்பார்வையாளர் விசாரித்தார். குருவைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவனே வந்து நின்றான். சனிக்கிழமை மூட்டைகளை மேடையாக அடுக்கி ஏறி நின்று மைத்துனன் ஒரு மணி நேரம் பேசினான். கறி குடலில் என்ன செய்யும் என்பதைக் கையால் பிசைந்து காட்டினான். உயிரைத் தின்பவன் தன் ஆயுளைத் தின்கிறான் என்றபோது மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில் ஒரு உறை கொடுத்து, மாலையும் போட்டார். இரட்டைமூட்டை முதல் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு முன்னால் கை தட்ட வேண்டியிருந்தது. இனி இந்தப் பக்கம் எங்கே கறியோடு தலை தெரிந்தாலும் வேலை போகும் என்பது அவருக்குப் புரிந்தது.

மறுநாள் ஞாயிறு. கையில் சம்பளம் இருந்தது. பாக்கியைத் தீர்த்து, கறிக்கும் கடைக்கும் ஒரேயடியாக விடை சொல்லிவிடுவது என்று கிளம்பினார். யாரும் பார்க்காமல் துண்டால் தலையை மூடிக்கொண்டு கடைக்குள் நுழைந்து, மூவாயிரத்து நானூற்று எண்பதை எண்ணிப் பலகையில் வைத்தார்.

கறிக்கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தள்ளினார்.

"எடுத்து வைங்கண்ணே. கணக்கு நேத்தே தீந்து போச்சு. நாலாயிரத்து ஐந்நூத்து இருபது."

நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு.

இரட்டைமூட்டை கோட்டுக்கு அடியில் இருந்த எண்களை விரல் வைத்துப் படித்தார். தீர்ந்தது இருக்கட்டும், ஏறியது எப்படி? "ஒரு மாசமா நான் இந்தத் தெருப் பக்கமே வரல. வீட்ல அடுப்புல கறி ஏறல. மூவாயிரத்து நானூத்து எம்பது எப்படிய்யா நாலாயிரத்து ஐந்நூத்து இருபது ஆகும்? யாரு தின்னது, யாரு தீர்த்தது?"

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் பொரிகிற சத்தம் வந்த பின்கட்டுப் பக்கம் தலையை அசைத்தார்.

"உங்க மச்சான்தாண்ணே, கறி தின்னாதீங்கன்னு பேசினதுக்குக் கிடங்குல அஞ்சாயிரம் குடுத்தாங்களாம், பாக்கியைத் தீர்த்துட்டு, இன்னிக்கு மீதிக்கு ஒரு கிலோ வறுக்கச் சொல்லி வழக்கமான இடத்துல உக்காந்திருக்காரு."