துரைக்கு எழுதாத வாழ்த்து மடல்

மஸ்கெலியா,
11.6.1957

கந்தப்பளையில் இருக்கும் பெருமதிப்புக்குரிய அத்தான் வீரய்யா அவர்களுக்கு, மைத்துனன் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. அக்காவின் முட்டிவலி குறைந்ததா? இங்கே முருகன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் மகன் முத்துலிங்கம் மூன்று வேளையும் சாப்பிடுவதால் அவனும் சுகம்தான். என் பொறுமைக்குத்தான் சுகமில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை வரும் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுச் சீமைக்குப் போகிறார். பிரியாவிடைக் கூட்டத்தில் வாழ்த்து மடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம். அதன் கடைசி வரியில் ஒரு வேண்டுகோளைச் செருகுவதும் வழக்கம். கழுத்தில் மாலை கிடக்கும்போது எந்தத் துரையும் முடியாது என்று சொன்னதில்லை; போகுமுன் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த முறை கேட்கப்போவது ஆட்கள் குடியிருக்கும் கீழ் லயத்துக் கூரைக்குத் தகரம். உங்கள் மகனின் பாட்டு ஒரு தடவை பத்திரிகையில் வந்ததே, அவனே எழுதட்டும் என்று நான்தான் பெருமையாக அழைத்து வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினெட்டு நாள் ஆச்சு அத்தான். தாளுக்கு முன்னால் உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறான். கேட்டால், "உள்ளேயிருந்து வரணும் மாமா, இந்தத் துரையைப் பாராட்ட உட்கார்ந்தா கை நின்னுருது" என்கிறான். உள்ளேயிருந்து என்ன வரணும், ஹட்டன் பஸ்ஸா? கொட்டுகிற மழையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற வேலாயி, இன்னைக்குக் கொழுந்து பறிக்க மனசு பொங்கலைன்னு சொன்னா நான் விடுவேனா? அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தோட அனுப்பிருவேன். முப்பது வருஷமா ஆபீசுக்கு ரிப்போட்டு எழுதுறேன், ஒரு நாளாவது எனக்கு உள்ளேயிருந்து ஏதாச்சும் வந்துச்சா? வராமலே எழுதலையா? கீழ் லயத்தில் அந்த வேலாயி குடியிருக்கும் ஒற்றைக் காம்பராவில் கூரை அடுப்புக்கு நேர் மேலேயே ஒழுகுகிறது. தினமும் வேலை விட்டதும் என் வாசலுக்கு வந்து நிற்கிறாள். "தம்பி எழுதிருச்சுங்களாய்யா? ரெண்டு நாளா அடுப்பு பத்தலைங்க." அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தள்ளுடா என்று நானே எழுத உட்கார்ந்தேன். "கருணைக் கடலே" என்று போட்டேன். அதோடு பேனா மக்கர் பண்ணிவிட்டது. நிப்பை மாற்றினேன், மையை மாற்றினேன், நாற்காலியையும் மாற்றினேன். இப்போது கடையில் விற்கிற பேனா எல்லாமே மட்டம். அதற்கும் இவன் சொல்கிற சாக்குக்கும் சம்பந்தம் கிடையாது. ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து உங்கள் கவிராயரைக் கூட்டிக்கொண்டு போகவும்.

அக்காவுக்கு என் அன்பு. சின்னப் பிள்ளைகளுக்கு ஆசி. மூத்தவனுக்கு உரியதை நேரிலேயே கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பி.கு.: இந்தப் பின்குறிப்பு மட்டும்தான் என் கையால் எழுதியது. மேலே இருக்கும் கையெழுத்து யாருடையது என்று பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலு நாளாக "அத்தான் அவர்களுக்கு" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. நான் கத்தக் கத்த, அரைமணி நேரத்தில் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதியவன் முத்துலிங்கம்தான். திட்டுவதற்கு இவ்வளவு சரளமாக வருகிறதே என்று அவனே அசந்துபோனான். அதே சூட்டில் வாழ்த்து மடலையும் தொடங்கிவிட்டான். முதல் வரியே வேலாயியின் அடுப்பு. நான் தடுக்கவில்லை. தாளில் இடம் மிஞ்சினால் துரையைப் பாராட்டலாம் என்று இருக்கிறோம். நீங்கள் வரவேண்டாம்.