கர்னலுக்கு இடமில்லை

1. ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருக்காமல் மைசூரில் தினமும் சல்யூட் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கர்னல்தான்.
2. அவரை மாப்பிள்ளை பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.
3. அவர்களில் ஒருவர் துப்பாக்கியைப் பற்றி விசாரித்தார்.
4. இடம் போதவில்லை.
5. கர்னல் பதினொரு கர்னல்களை அழித்தார்.

நடந்தது இவ்வளவுதான். எதையும் பட்டியல் போட்டே பழகிய கை என்னுடையது. ஆனால் இதைப் படித்த என் தங்கை, "அக்கா, இதுல மொத்தம் எத்தனை பேரு செத்தாங்க?" என்று கேட்டாள். ஆகவே விவரமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. சரஸ்வதிபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த கணினிப் பயிற்சி மையத்தில் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த ஆறு கணினிகளையும் கட்டி மேய்த்தவர் கர்னல். ஹனூர்க்காரர். வயது முப்பது. நனைத்து நிறுத்தாலும் ஐம்பது கிலோ தாண்டமாட்டார்.

அவருக்கு லினக்ஸ் என்றால் உயிர். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை மற்றவர்கள் பெட்டியோடு வாங்கிவந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே பயன்படுத்துவார்கள். லினக்ஸில் எழுதியது எழுதியபடி திறந்து கிடக்கும். படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து ஊருக்கே கொடுக்கலாம். அதன் நடுக்கருவுக்குக் கர்னல் என்று பெயர். நம்மவர் அந்தக் கருவில் எதையாவது மாற்றி, முழுவதையும் மறுபடி கணினியின் மொழிக்கு மாற்றுவார், அதாவது கம்பைல் செய்வார். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அது மூன்று மணி நேர வேலை. அதுவரை, "கர்னல் ஓடுது, யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டிருப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கட்டடத்தின் காவலாளி நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். பெயர் காதில் விழுந்த நாளிலிருந்து விறைப்பாக சல்யூட் அடிக்கத் தொடங்கினார்.

"ஐயோ அண்ணா, நான் மிலிட்டரி இல்ல."

"இரலி பிடி, இருக்கட்டும் சார். வெளிய சொல்லக்கூடாத டியூட்டி. எனக்குத் தெரியாதா?"

லினக்ஸை அவர் மைசூருக்குக் கொண்டுவந்தது நாற்பத்தெட்டு ஃப்ளாப்பிகளில். பெங்களூரிலிருந்து ரயிலில், கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் முப்பத்தொன்றாவது ஃப்ளாப்பி படிக்கவில்லை. மறுநாள் அந்த ஒன்றுக்காகத் திரும்பவும் பெங்களூர் போனார். வந்து போட்டார். முப்பத்திரண்டாவது படிக்கவில்லை.

கிடைத்ததை அவர் பூட்டிவைக்கவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டருக்கு ஒரு நகல் கொடுத்தார். பேக்கரிக்காரருக்கும் ஒன்று கொடுத்தார். அவரிடம் கணினியே கிடையாது. "இருக்கட்டும் சார், பின்னால உதவும்" என்றார் கர்னல். குப்பைக்குப் போகவிருந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, மையத்தின் ஒரே தொலைபேசி இணைப்பை ஆறு கணினிக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். ஆறு பேர் ஒரே நேரத்தில் மெயில் பார்க்கும் அதிசயத்தைக் காணப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கஞ்சன். உருவாக்கிய எந்த கர்னலையும் அழிக்கமாட்டார். அவர் கணினியில் பதினொன்று வரிசையாக நிற்கும். "புதுசு எந்திரிக்கலைன்னா பழசுதான் மேடம் காப்பாத்தும்."

இவ்வளவு செய்தவருக்குக் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. மூன்று சம்பந்தங்கள் கைநழுவியிருந்தன. "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டால், எங்கோ குளிர்தேசத்தில் ஒரு மாணவன் தன் சொந்த உபயோகத்துக்கு எழுதியதை உலகத்துக்கே எடுத்துக்கொள்ளச் சொன்ன கதையிலிருந்து ஆரம்பிப்பார். காபி ஆறிவிடும். ஹனூரிலிருந்து அவர் அம்மா கடைசி எச்சரிக்கை விடுத்தார்: இந்த இடமும் தட்டிப்போனால், மைசூரை விட்டுவிட்டு மாமாவின் உரக்கடையில் வந்து உட்கார வேண்டியது. அந்த அம்மாவே கொள்ளேகாலுக்குக் கடிதமும் எழுதினார்: "பையன் மைசூரில் கர்னல் வேலை பார்க்கிறான். மரியாதையான இடம்."

தமிழில் எந்த கர்னலுக்கும் அதே நான்கெழுத்துதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், கடிதத்தில் இருந்த மைய முகவரிக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். காபிக்கும் மிக்சருக்கும் நான் பொறுப்பு. கர்னல் எட்டு மணிக்கு ஒரு கம்பைலை ஆரம்பித்திருந்தார். "பதினொண்ணுக்கு முடிஞ்சிரும் மேடம், சும்னே பயப்படாதீங்க" என்று வேறு சொல்லியிருந்தார்.

கீழே காவலாளியின் சல்யூட் சத்தம் கேட்டது. "கர்னல் சார் மேலதான் இருக்காரு!"

பெண்ணின் அப்பா, பட்டுக்கடைக்காரர், முதலில் ஏறிவந்தார்.

"கர்னல் அய்யா எங்கீங்க?"

"நான்தானுங்க."

அவர் எங்கள் கர்னலைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "உங்களை இல்லீங்க தம்பி. பெரியவரு?"

கூடவந்த சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "துப்பாக்கியெல்லாம் லீவு நாள்ல குடுத்துருவாங்களாம்மா?" என்று கேட்டார்.

கர்னல் பொய் சொல்லத் தெரியாதவர். திரையைக் காட்டினார். "இதுதானுங்க கர்னல். ஓடிட்டிருக்குது."

"பொட்டிக்குள்ளயா?"

"ஆமாங்க. உலகம் பூராவும் இருக்கற ஆளுங்க சேர்ந்து எழுதுனது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்க."

"யாரு வேணாலும் எடுத்துக்கற சாமானுக்கு நீங்க என்னத்துக்குங்க காவலு?"

அப்பா எழுந்தார். சித்தப்பா மிக்சர் தட்டோடு எழுந்தார். உரக்கடையின் வாடை மாடிவரை வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. கர்னல் வாயைத் திறந்தார். குளிர்தேசத்து மாணவன் வரப்போகிறான் என்று தெரிந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, அது நின்னுபோச்சுங்க."

பேசியது பெண். கொள்ளேகாலில் கணக்கு டீச்சர். மற்ற நால்வரும் கர்னலின் சட்டையில் பதக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் ஒருத்திதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இடமில்லைன்னு இங்கிலீசுல போட்டிருக்குதுங்க."

"அதுவே சொல்லிருச்சு இடமில்லைன்னு. நடங்க போலாம்" என்றார் அப்பா.

"இருங்க, இருங்க!" கர்னல் நாற்காலியில் பாய்ந்தார். "இடம் பண்ணிர்றேனுங்க."

"எதை எடுக்கணுங்க?" என்று அவள் கேட்டாள்.

"பழசையெல்லாமுங்க. பதினொண்ணு இருக்குது."

"பதினொண்ணும் வேணுங்களா?"

இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் நான் மூன்று முறை கேட்டு மூன்று முறையும் திட்டு வாங்கியிருந்தேன். இப்போது மனிதர் திரையிலிருந்த வரிசையை மேலிருந்து கீழ்வரை எண்ணினார். பிறகு, "வேண்டாமுங்க" என்றார்.

ஒரு காலி ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலை நிமிராமலே முதல் கர்னலை மட்டும் அதில் ஏற்றித் தந்தார். பிறகு பதினொன்றையும், ஒவ்வொன்றாக, எண்ணைச் சொல்லிச் சொல்லி அழித்தார். யாரும் மிக்சரை மெல்லக்கூட இல்லை.

"ஆச்சுங்க. இப்ப இடமிருக்குது." இதைச் சொன்னபோது அவர் திரையைப் பார்க்கவில்லை.

"அப்ப மறுபடி ஓட்டுங்க" என்று அவள் உட்கார்ந்தாள்.

அப்பா மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "எவ்வளவு நேரமாகுமுங்க?"

"விட்ட எடத்துலருந்து இன்னும் ஒண்ணரை மணி நேரமாவதுங்க."

"அப்பச் சாப்பாட்டுக்குச் சொல்லிருங்க."

சாப்பாடு வந்தது, கம்பைல் முடிந்தது. அவர்கள் கண் முன்னாலேயே கணினியை நிறுத்திப் புது கர்னலில் எழுப்பப் பார்த்தார். அது எழவே இல்லை. கைகொடுக்கப் பழசும் இல்லை. கர்னல் என்னைப் பார்த்தார். ஃப்ளாப்பியை நீட்டினேன். அதில் எழுந்தது. சித்தப்பா கைதட்டினார்.

இன்றைய நிலவரம் இது. கர்னலும் டீச்சரும் கொள்ளேகாலில் இருக்கிறார்கள். மாமனாரின் பட்டுக்கடையில் லினக்ஸ் ஓடுகிறது. நகல் கேட்டால் சேலையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த ஃப்ளாப்பி என்னிடம் இருக்கிறது. அதைப் படிக்கும் வசதி என் இப்போதைய கணினியில் இல்லை. மேசை இழுப்பறையில் இடம் இருக்கிறது. வைத்திருக்கிறேன்.