கல்லீரல் டிப்போ

காலை நாலு பத்துக்கு மெஷின் நூற்று அறுபத்தெட்டு என்றது.

டிரைவர் அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் பார்த்தார். இரண்டு விதத்திலும் நூற்று அறுபத்தெட்டுதான். நோட்டில் தேதி போட்டு எழுதினார். இருபத்திரண்டு வருஷமாக டிப்போவின் முதல் வண்டியை எடுப்பவர் அவர். அந்த ஸ்டீரிங்குக்குத்தான் இப்போது ஆபத்து.

போன வாரம் டிப்போவில் நடந்த வருடாந்திரச் சோதனையில் அவர் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் தலைகாட்டியிருந்தது. டிப்போ டாக்டர் ஒரு மெஷினைக் கொடுத்து, பதினைந்து நாள் காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்து எழுதிவரச் சொன்னார். இறங்கினால் பழைய வண்டி. ஏறினால் கேட்டில் ஒரு நாற்காலி. போகிற வருகிற வண்டி நம்பரை எழுதிக்கொண்டு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

விடிகாலை நாலு மணிக்கு வீட்டில் விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. மகளுக்கு மசக்கை. மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்ததால் இங்கே வந்திருந்தாள். கண் விழித்ததும் குமட்டும். ஆரஞ்சுச் சுளை தவிர எதுவும் உள்ளே இறங்காது. அவர் ஒரு பழத்தை உரித்து, நாரும் கொட்டையும் எடுத்து, அவள் தலைமாட்டில் வைப்பார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்காருவார்.

முதலில் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். தன் பங்குப் பழத்தையும் மகளுக்கே விட்டுக்கொடுத்தார். நூற்றுத் தொண்ணூறு. சாப்பாட்டை முழுக்க நிறுத்தினார். இருநூற்று ஏழு.

"பட்டினி கிடந்தா ஏறுதுன்னா, விருந்து சாப்பிட்டா இறங்குமா?" என்று மனைவி கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அவருக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. டாக்டருக்கு போன் செய்தார்.

டாக்டர் பொறுமைசாலி. எதையும் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லுவார்.

"உங்க கல்லீரலை ஒரு டிப்போன்னு வெச்சுக்குங்க. சர்க்கரைதான் பஸ்."

சாப்பிட்டதும் ரத்தத்தில் பஸ் நெரிசல். உடனே கணையம் இன்சுலின் என்று ஓர் ஆளை அனுப்பும். அவன் உடம்புக்கு வேண்டியதை அங்கங்கே இறக்கிவிட்டு, மிச்ச வண்டிகளை டிப்போவுக்குள் ஒதுக்கிவிடுவான். வயிறு காய்ந்தால் அதே கணையம் குளுகோகான் என்று வேறோர் ஆளை அனுப்பும். அவன் கேட்டைத் திறந்து வண்டிகளை வெளியே விடுவான். விடிகாலையில் வேறு சில சுரப்பிகளும் சேர்ந்துகொள்ளும். எழுந்திருக்கப் போகிறவனுக்குத் தெம்பு வேண்டுமே என்று முன்கூட்டியே வண்டி விடும்.

"பாசஞ்சரே இல்லாமயா சார்?"

"ஆமா."

"முதல் வண்டி அப்படித்தான் போகும்" என்றார் டிரைவர். தன் உடம்புக்குள்ளும் ஒருவன் நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கிறான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

பட்டினி வேண்டாம், அளவாகச் சாப்பிடுங்கள், சாயங்காலம் நடங்கள் என்றார் டாக்டர். முக்கியமாகப் பயப்பட வேண்டாம். பயந்தால் அட்ரினலின் வந்து அதுவும் கேட்டைத் திறந்துவிடும்.

அதுவரை அவர் அவ்வளவாகப் பயந்ததில்லை. அன்றிலிருந்து, பயந்துவிடக் கூடாதே என்று பயப்பட ஆரம்பித்தார்.

அளவாகச் சாப்பிட்டார். நடந்தார். இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. காலையில் மெஷினைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பழம் உரிக்கும்போதுதான் மனசு அடங்குவதாகத் தெரிந்தது. அதனால் ஒன்றுக்கு இரண்டாக உரித்தார். இரண்டுக்கு மூன்றாக. மெஷின் இருநூற்றுப் பத்தொன்பது என்றது, பிறகு இருநூற்று இருபத்தாறு.

"அப்பா, நான் வயித்துல ஒரு பிள்ளையத்தான் சுமக்கறேன். பழக்கடையச் சுமக்கல" என்றாள் மகள்.

பதிமூன்றாம் நாள் மனைவி அவர் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் ஏதோ நெருடியது. எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது என்ன?"

"ஆரஞ்சுக் கொட்டை."

"யார் தின்ன பழத்தோட கொட்டை?"

ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. குளித்து வந்து, மெஷினை எடுத்துத் தன் விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு.

"மெஷின் யோக்கியம்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவளும் எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் கண் முன்னாலேயே அவர் நாலு பழம் உரித்தார். ஒரு சொட்டுச் சாறுகூட உதட்டுப் பக்கம் போகவில்லை. கையைத் துடைத்தார், குத்தினார்.

இருநூற்று நாற்பத்து மூன்று.

சந்தேகப்பட்டவரையில் அவளுக்குத் தைரியம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. தோலையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள்.

"கேட்லதான் உட்காருங்களேன். நிழலாத்தான் இருக்கும். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டாந்து தர்றேன்."

"அந்த நாற்காலிக்கு ஒரு கை கிடையாது" என்றார் அவர்.

"ஒரு பக்கம் நான் நின்னுக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். பதினான்கு நாளில் முதல் சிரிப்பு.

பதினைந்தாம் நாள் விடுப்பு போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு நோட்டையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு டிப்போ ஆஸ்பத்திரிக்குப் போனார். லேப் பெண் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்கார முடியவில்லை. பையில் மகளுக்காக வாங்கிய ஆரஞ்சு இருந்தது. ஒன்றை உரித்தார். படபடப்பு கொஞ்சம் தணிந்தது. சுளைகளை லேப் பெண்ணிடமே நீட்டினார். அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருந்தது. வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் லேப் சீட்டு. நோட்டின் கடைசி வரி இருநூற்று முப்பத்தெட்டு. லேப் சீட்டில் நூற்று நாலு.

ரத்தம் எடுத்த குழாய் மாறிப்போயிருக்கும் என்று லேப் பெண்ணைக் கூப்பிட்டுத் திரும்பவும் பார்க்கச் சொன்னார் டாக்டர். நூற்று ஆறு. உங்கள் மெஷினில் இப்போதே குத்துங்கள் என்றார். டிரைவர் துண்டில் விரலைத் துடைத்துக் குத்தினார்.

இருநூற்று ஐம்பத்தொன்று.

"அப்ப எனக்கு விரல்ல மட்டும் சர்க்கரை ஓடுதா சார்?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பு ஒன்று, சர்க்கரை இரண்டு. இப்படி ஒரு கேஸை அவர் படித்ததுகூட இல்லையாம். கணையமா, அட்ரினல் சுரப்பியா என்று தானே கேட்டுத் தானே மறுத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். மாநாட்டில் கட்டுரை வாசிக்கலாம். போட்டோ வேண்டும், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். டிரைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கேட் நாற்காலியைவிட இது கௌரவமாகத் தெரிந்தது.

மூலையில் லேப் பெண் கடைசிச் சுளையை மென்றபடியே தண்ணீர்க் குழாயைத் திறந்து, பிசுபிசுத்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். தன் விரல்களைப் பார்த்தாள். மேஜையில் இருந்த அவர் விரல்களைப் பார்த்தாள்.

"அண்ணே, பழம் உரிச்ச கையக் கழுவாமயா தினமும் குத்திக்கிட்டீங்க?"