அக்காவின் முதல் சொல்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று உன் பையன் சொன்னான். கூடவே கோபமும் இருக்கும் என்று நானாக ஊகித்துக்கொண்டேன். நேரில் பேசினால் எனக்கு வரிசை தவறிவிடும், நீ ஓர் அதட்டல் போட்டால் மீதியும் மறந்துபோகும். ஆகவே சொல்ல வேண்டியதை எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்:

1. என் முறை சரியானது.
2. உன் முதல் சொற்களில் எந்தத் தகவலும் இல்லை.
3. இருந்தாலும் நான் அதைச் சொன்ன விதம் தவறு.
4. நீ மறுபடி ஆட வர வேண்டும்.

முதலாவது. போனில் நாம் ஆடும் சொல் விளையாட்டில் தினம் ஒரு நாலெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு முயற்சி; குறைந்த முயற்சியில் முடிப்பவருக்கு வெற்றி. சரியான இடத்தில் சரியான எழுத்து விழுந்தால் பச்சை, இடம் மாறினால் மஞ்சள். இதில் முதல் சொல்தான் அஸ்திவாரம். வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மழைமானியைப் பார்த்துக் குறித்தவன் நான்; சன்னலுக்கு வெளியே கையை நீட்டி மழை பெய்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதே ஒழுங்கோடு மூன்று மாதச் செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணி, அதன்படி 'கருத்து' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். தொண்ணூற்றிரண்டு நாள் ஆட்டத்தில் என் சராசரி நாலே முக்கால் முயற்சி, உன்னுடையது மூன்றரை. முறை சரியாக இருந்தும் முடிவு ஏன் இப்படி வருகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். தோற்றவர் போன் செய்து தோல்வியை வாயால் சொல்ல வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். அதனால் தினமும் நான்தான் கூப்பிடுவேன், நீயும் தினமும், "இன்னைக்கும் கருத்தாடா? கேட்காமலே தினம் கருத்து சொல்றவனை யாருடா மதிப்பா?" என்பாய். நான் வருத்தப்படவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

இரண்டாவது. காலை எட்டு மணிக்கு இருவரும் ஆட்டத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொள்வதால் உன் முதல் சொற்கள் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. உன் முறை என்னவென்று ஒரு நாள் கேட்டேன். "கண்ணு முன்னால என்ன இருக்கோ அதைப் போடுவேன். இதுக்கு எதுக்குடா நோட்டு?" என்றாய். முதல் மாதம் அடுப்பு, கத்தரி, தோட்டம். பக்கத்து வீட்டில் சுவர் எழுப்பிய வாரம் கொத்தன். அதுவாவது போகட்டும். கடைசி ஆறு நாளைப் பார்: கைத்தடி, கட்டில், தலையணை, மாத்திரை, விட்டம், ஒட்டடை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது சொல் விளையாட்டு ஆடுவார்களா அக்கா? அதிலும் ஒட்டடையில் ஒரே இனத்து எழுத்து மூன்று தடவை வருகிறது. நாலு கட்டத்தில் மூன்றை வீணாக்குவது எனக்கு மழைமானியைக் கவிழ்த்து வைப்பது மாதிரி இருந்தது.

மூன்றாவது. அந்த ஒட்டடை நாளில் நீ ஆறிலும் முடிக்கவில்லை. நான் மூன்றில் முடித்தேன். சட்டப்படி நீ கூப்பிட்டாய். "தோத்துட்டேன்டா" என்றாய். குரல் சின்னதாக இருந்தது. தோற்றுப் பழக்கமில்லாத குரல் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, ஜெயித்த தலைக்கனத்தில், "உன் முதல் சொல்லுல தகவலே இல்லைக்கா, வெறும் வேடிக்கை" என்று சொல்லிவிட்டேன். "சரிடா, நீயே ஜெயிச்சுக்கோ" என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து பதினோரு நாள், எட்டு மணி ஆகிறது, படம் வருவதில்லை. மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் பையன்தான் எடுத்தான். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, தூங்குறாங்க." காலை பத்து மணிக்கு நீ தூங்குவதா? பேச விருப்பமில்லை என்று நீ பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறாய், அவன் சமாளிக்கிறான் என்று புரிந்துகொண்டேன். மன்னித்துவிடு.

நான்காவதுக்கு விளக்கம் தேவையில்லை. எதிராளி இல்லாமல் நான் தினமும் ஜெயிக்கிறேன். நன்றாக இல்லை. வேண்டுமானால் 'கருத்து'வைக்கூட விட்டுவிடுகிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். கோபம் தீர்ந்ததும் ஒரு படம் அனுப்பு, தோற்ற படமானாலும் சரி.

உன்னிடம் குட்டு வாங்கியே வளர்ந்த
தம்பி

பி.கு.: எதையும் மூன்று தடவை படிக்காமல் உறையில் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அந்த ஆறு சொற்களை வரிசையாகப் பார்த்தேன். உன் வீட்டில் ஒட்டடை ஒரு மணி நேரம் உயிரோடு இருந்ததில்லை அக்கா. அதைப் பார்த்த பிறகும் எழுந்து அடிக்காமல் படுத்தபடி விளையாட்டில் எழுதியிருக்கிறாய். உடனே உன் பையனைக் கூப்பிட்டு ஆறையும் வாசித்தேன். "மாமா பயந்தாங்கொள்ளி, அவன்கிட்ட சொல்லாதேன்னு அம்மாதான் சொன்னாங்க" என்றான். பயந்தாங்கொள்ளிதான். நாளைக் காலை முதல் வண்டியில் வருகிறேன். கடிதம் தபாலில் போகாது, கையோடு கொண்டுவருகிறேன். ஒட்டடைக் குச்சியையும் எடுத்து வைத்துவிட்டேன், உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும் என்று தெரிந்தும். கடிதத்தை நீ படிக்கும்போது மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், இரண்டாவதை மட்டும் அடித்துவிடு. அது தவறு.