டர்போவுக்கு அம்மன் உத்தரவு

காலை ஆறு நாற்பது. வண்டியில் ஐம்பத்திரண்டு தண்ணீர் கேன். ரயில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் என்னை முந்திப் போனவன் பெயர் சரவணகுமார்.

முந்தியது பெரிதல்ல. அந்தப் பாலத்தில் என்னை எல்லாரும் முந்துவார்கள். என் பிக்கப்புக்கு வயது இருபத்தொன்று. ஏற்றத்தில் அது கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு முனகும். ஷேர் ஆட்டோ முந்தும், பால்காரர் முந்துவார், ஒருமுறை பஞ்சு மிட்டாய்க்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முந்தினார். ஆனால் சரவணகுமார் அடி அண்ணாமலையில் என் பக்கத்து வீட்டுக்காரன். என்னைப் போலவே கிரிவலப் பாதைக் கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். போன மாதம்தான் புது பிக்கப் எடுத்திருந்தான். முந்தும்போது ஜன்னலை இறக்கி, "ணா, கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரை மணி நேரம் கழித்து, டீக்கடையில் எட்டுப் பேர் முன்னால் அவனிடம் சொன்னேன்.

"உன் வண்டியில டர்போ இருக்கு, என்னுதுல இல்ல. அவ்ளோதான் வித்தியாசம். நானும் மாட்டப் போறேன். ஐப்பசிப் பௌர்ணமி அன்னிக்கு இதே பாலத்துல என் வண்டி உன் வண்டியை முந்தும். முந்தலைன்னா என் பேரு காசி இல்ல."

"வேற பேரு ஒண்ணு யோசிச்சு வைங்கணா" என்றான்.

வீட்டில் அன்புச்செல்வி காலி கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் மனைவி. நான் முடிவெடுப்பேன், அது நடக்குமா என்பதை அவள் முடிவெடுப்பாள்.

"அன்பு, வண்டிக்கு டர்போ போடப் போறேன்."

"அது இன்னாது?"

"வண்டி வெளியே விடுற புகை வீணாத்தானே போகுது? அந்த வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும். அது வெளிக்காத்தைப் பிடிச்சு இஞ்சினுக்குள்ள அடைக்கும். காத்து ஜாஸ்தி, சக்தி ஜாஸ்தி."

"வீணாப் போற காத்துல சக்தி எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"அப்ப அதை உங்க வாயில மாட்டிக்குங்க. ஊருக்கே கரண்ட் குடுக்கலாம்."

"கிண்டல் வேணாம். வேகமாப் போகலாம்."

"எங்க போகலாம்? கிரிவலப் பாதையிலயா? முன்னாடி சாமியார், பின்னாடி மாடு, நடுவுல செருப்பில்லாம நடக்கிற ஜனம். அங்க நம்ம வண்டி மூணாவது கியரைப் பார்த்து வருஷமாச்சு."

"பாலத்துல ஏறணுமில்ல?"

"பாலம் எவ்ளோ தூரம்?"

"அரைக் கிலோமீட்டர் இருக்கும்."

"அந்த அரைக் கிலோமீட்டருக்காக வண்டியைப் பிரிச்சு, அது படுத்துட்டா? வீட்டுல சோறு வேகறது அந்த வண்டியாலதாங்க."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கையைக் கட்டிக்கொண்டால் உறுதியாக இருப்பது போலத் தெரியும். அவள் கையிலிருந்த கேனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"சரி. அம்மன்கிட்ட கேட்டுடலாம். அம்மன் சரின்னா போட்டுக்குங்க."

எங்கள் தெருவில் கல்யாணம் பேசுவது, போர்வெல் போடுவது என்று எதில் மனம் தடுமாறினாலும் மாரியம்மன் காலடியில் இரண்டு பொட்டலம் வைப்போம். ஒன்றில் விபூதி, இன்னொன்றில் குங்குமம். வீட்டைச் சேராத ஒருவர் ஒன்றை எடுப்பார். விபூதி வந்தால் செய்யலாம். குங்குமம் வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. வரும் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

நடுவில் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு வேங்கிக்காலில் மெக்கானிக் ராஜமாணிக்கத்தின் பட்டறைக்குப் போனேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், நோயாளியின் காதில் விழாமல் உறவினரிடம் பேசுகிற டாக்டர் போல என்னைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

"போடலாம்பா. போட முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது டர்போவுக்குன்னு பண்ண இஞ்சின் இல்ல. உள்ள அழுத்தம் ஏறும், சூடு ஏறும். ஹெட் கேஸ்கட்டு தாங்கணும், கிளட்ச் தாங்கணும், ரேடியேட்டர் தாங்கணும்."

"தாங்குமா?"

"அதோ பாரு."

பட்டறை மூலையில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. என் வண்டியின் அண்ணன் போல இருந்தது. ஸ்டியரிங் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அவரும் டர்போ கேட்டாரு. ஒன்றரை மாசம் பறந்தாரு. இப்ப முட்டை விக்கிறாரு. அப்புறம் எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனா, ஆர்.சி. புக்குல இல்லாத சாமான் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் யோசிச்சுக்கோ."

கோழி என்னைப் பார்த்தது. நான் கோழியைப் பார்த்தேன். டர்போ ஆசை அந்த இடத்திலேயே என்னை விட்டு இறங்கிப் போய்விட்டது. ஆனால் சபதம் இறங்கவில்லை. எட்டுப் பேர் கேட்ட சபதம். மனைவியிடம் மூன்று நாள் முறைத்துக்கொண்டு வேறு இருந்தேன். இனி "வேணாம்" என்று சொல்ல எனக்கு வாயில்லை. அம்மன்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வைத்தேன்.

அன்று மாலை, "பொட்டலத்தை நானே மடிக்கிறேன்" என்றேன். "மடிங்க" என்று சொல்லிவிட்டு அன்புச்செல்வி கேன் மூடிகளை எண்ணப் போனாள். நான் இரண்டிலும் குங்குமத்தைப் போட்டு மடித்தேன். எது வந்தாலும் வேண்டாம்தான். அம்மனே தடுத்துவிட்டாள் என்று டீக்கடையில் பெருமூச்சு விடலாம். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் இத்தனை சுத்தமான திட்டம் நான் போட்டதில்லை.

வெள்ளி காலை கோயிலுக்குப் போனோம். தட்டை அன்புச்செல்வி தூக்கி வந்தாள். பொட்டலத்தை எடுக்க அவள் கூப்பிட்டிருந்தது சந்திரம்மாளை. சரவணகுமாரின் தாயார். அதுவும் நல்லதுதான், செய்தி நேராகப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்திரம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

விபூதி.

"காசி, அம்மா உத்தரவு குடுத்துட்டாப்பா" என்று சொல்லி அதையே என் நெற்றியில் பட்டையாக இட்டாள். இரண்டு கையாலும் நானே குங்குமம் வைத்த பொட்டலம். எனக்குத் தெரிந்து நான் பார்த்த முதல் அற்புதம் இதுதான். அது எனக்கு எதிராக நடந்திருந்தது.

"சாமி சொன்னப்புறம் தள்ளிப் போடக் கூடாதுங்க. இப்பவே பட்டறையில விட்டுடலாம்" என்று அன்புச்செல்வி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வேங்கிக்கால் நோக்கிப் போனேன். நாற்பதில் போனேன், பிறகு இருபதில், பிறகு பத்தில். பட்டறை கண்ணில் பட்டதும் ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"இன்னா நின்னுட்டீங்க?"

"அன்பு, டர்போ வேணாம்."

"அம்மன் உத்தரவுங்க."

"அம்மன் எப்படி உத்தரவு குடுக்கும்? ரெண்டுலயும் நான் குங்குமம்தானே வச்சேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும். காலையில பொட்டு வைக்கக் குங்கும டப்பாவைத் திறந்தா அடி தெரியுது. விபூதி டப்பாவுல விரல் பட்ட தடமே இல்ல. தட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் விபூதியா மாத்திட்டேன். அம்மன்கிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். உங்களுக்கும் சேர்த்துதான்."

"உனக்கும் டர்போ வேணாம்தானே? அப்புறம் எதுக்கு மாத்தின?"

"மாத்தாம விட்டிருந்தா, 'அம்மன் தடுத்துச்சு, இல்லன்னா போட்டிருப்பேன்'னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. வருஷத்துக்கு ஒருவாட்டி மறுபடி கேப்பீங்க. வேணாங்கிறது உங்க வாயிலயிருந்து வரணும். வந்துடுச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டேன். அதன் மேல் கோழி இல்லை. நெஞ்சிலிருந்து ஐம்பத்திரண்டு கேனையும் இறக்கி வைத்தது போல இருந்தது.

"டீக்கடையில இன்னா சொல்றது?"

"பொண்டாட்டி விடலைன்னு சொல்லுங்க. பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு சொல்லுவாங்க. அது இப்பவும் சொல்றதுதானே."

பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறாளே என்று மனம் உருகியது. அவள் பையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டும் வரை உருகியது. வண்டி ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். அவள் பெயரில், அவள் போட்டோவோடு. ஆடி மாதத் தேதி. நான் டர்போ பற்றிப் பேசுவதற்கு முன்பே எடுத்தது.

"வண்டி ஓட்டக் கத்துக் குடுங்க. உங்களுக்கு முதுகு வலிக்குதுன்னு சொல்றீங்கல்ல."

அந்த நிலைமையில் நான் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

வந்தது வந்தோம் என்று பட்டறைக்குள் போனோம். ராஜமாணிக்கம் இஞ்சினிலிருந்து ஒரு டப்பாவைக் கழற்றினார். கிரிவலப் பாதையின் புழுதியும் கற்பூரக் கரியும் அப்பிய ஒரு வஸ்து அதற்குள் இருந்தது.

"ஏர் ஃபில்டர்பா. கடைசியா எப்ப மாத்தினே?"

"அது இங்கதான் இருக்குதா?"

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"மூக்கு அடைச்சிருக்குதும்மா. அதுக்கு இவரு ரெண்டாவது மூக்கு வைக்கக் கேட்டாரு."

புது ஃபில்டர் போட்டார். கறுப்புப் புகை நின்றது. புரட்டாசி முழுக்க அன்புச்செல்வி ஓட்டிப் பழகினாள். பாலத்தில் ஏறுவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும் என்று பத்தாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நான் இத்தனை நாளும் ஏறின பிறகு இறக்கிக்கொண்டிருந்தேன். லைசென்ஸும் வந்துவிட்டது.

2025 நவம்பர் 5, புதன்கிழமை, ஐப்பசிப் பௌர்ணமி. காலை ஆறு நாற்பதுக்கு ரயில் மேம்பாலத்தில் என் பிக்கப் சரவணகுமாரின் பிக்கப்பை முந்தியது. ஓட்டியது அன்புச்செல்வி. பக்கத்தில் நான் உட்காரும் சீட்டில் அவள் கூடுதலாக இரண்டு கேன் ஏற்றியிருந்ததால், நான் சரவணகுமாரின் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.